காற்று எங்கே போகிறது?

அப்பா ஓட்டிய புல்லட் மோட்டார் சைக்கிள் பல வீடுகளில் இன்னும் நிற்கிறது. சில வீடுகளில் அது தாத்தா ஓட்டியது. திண்ணை ஓரத்தில் நிற்கும். அல்லது மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நிற்கும்.

அதை மறுபடியும் ஓட வைக்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை. நல்ல ஆசைதான். என்ஜினைப் பிரிக்கிறார்கள். கழுவுகிறார்கள். புது ரிங் போடுகிறார்கள். வால்வை அரைக்கிறார்கள். எல்லாவற்றையும் பூட்டி, பெட்ரோல் ஊற்றி, வீட்டார் சுற்றி நிற்க, கிக்கரை மிதிக்கிறார்கள்.

கிக்கர் சப்பென்று கீழே போகிறது. காலை எதிர்த்து நிற்கவில்லை. என்ஜின் பேசவில்லை.

"வால்வு போய்விட்டது. ஹெட்டையே மாற்ற வேண்டும்" என்கிறார் ஒருவர்.

"என்ஜினே போய்விட்டது" என்கிறார் இன்னொருவர்.

மூன்றாவது ஆள் காயலான் கடைக்காரரைக் கூட்டி வருகிறார்.

ஓடக்கூடிய வண்டிகள் இப்படித்தான் எடைக்குப் போகின்றன. கோளாறு பெரிதாக இருந்து போனவை கொஞ்சம். கோளாறு எங்கே என்று யாரும் பார்க்காமல் போனவைதான் அதிகம்.

திருவொற்றியூர் வண்டி

புல்லட் இங்கிலாந்தில் பிறந்த வண்டி. ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்பீல்டு கம்பெனி அதைச் செய்தது. 1955-ல் அந்தக் கம்பெனியும் சென்னை மெட்ராஸ் மோட்டார்சும் சேர்ந்து "என்பீல்டு இந்தியா" கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. இரும்பு சிலிண்டர் வைத்த அந்தப் பழைய என்ஜின் அரை நூற்றாண்டுக்கு மேல், உருவம் பெரிதாக மாறாமல் வந்துகொண்டிருந்தது.

பிரிக்கவும் பூட்டவும் எளிதான என்ஜின் அது. ஒரே சிலிண்டர். 70 மில்லி மீட்டர் அகலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லி மீட்டர். கொள்ளளவு 346 சி.சி. வால்வுகள் இரண்டே இரண்டு.

அந்த இரண்டில்தான் எல்லா வம்பும்.

இரண்டு கதவுகள்

என்ஜினை இரண்டு கதவு உள்ள ஓர் அறையாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு கதவு வழியாகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும். அது இன்லெட் வால்வு. இன்னொரு கதவு வழியாகப் புகை வெளியே போகும். அது எக்ஸாஸ்ட் வால்வு.

வால்வு பார்ப்பதற்குக் காளான் போல இருக்கும். நீளமான தண்டு. தட்டையான தலை. தலையின் விளிம்பு சாய்வாகக் கடையப்பட்டிருக்கும். அது ஹெட்டில் உள்ள சீட்டில் போய் அமரும். ஸ்பிரிங் அதை இழுத்து மூடி வைத்திருக்கும். தண்டு மேலும் கீழும் போய்வர ஒரு குழாய் உண்டு. அதற்கு கைடு என்று பெயர்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது இன்லெட் திறக்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது இரண்டு கதவும் மூடியிருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வந்த காற்று நசுங்கும். நசுங்கிய காற்றில் பொறி பட்டால்தான் வெடி. அந்த வெடிதான் வண்டியை ஓட்டுகிறது.

கிக்கரை மிதிக்கும்போது காலை எதிர்த்துத் தள்ளுவது இந்த நசுங்கிய காற்றுதான். கால் சும்மா கீழே போனால், காற்று எங்கோ ஓடுகிறது என்று பொருள்.

எங்கே ஓடுகிறது? இது ஒன்றுதான் கேள்வி. இதற்குப் பதில் தெரியுமுன் ஹெட்டைக் கழற்றுவது, காய்ச்சல் என்றதும் வயிற்றைக் கிழிப்பது போல.

சூடும் சீட்டும்

எக்ஸாஸ்ட் வால்வின் பாடு பெரும்பாடு. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒரு வால்வு ஒரு நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. நெருப்புப் புகை முழுவதும் அந்தத் தலையை உரசிக்கொண்டுதான் வெளியே போகிறது. வேலை கடுமையானால் தலை சிவக்கும் அளவு சூடாகும்.

அந்தச் சூடு எப்படி இறங்குகிறது? பெரும்பகுதி சீட்டின் வழியாகத்தான். வால்வு மூடியிருக்கும் அந்தக் கண நேரத்தில், விளிம்பிலிருந்து சீட்டுக்கும், சீட்டிலிருந்து ஹெட்டுக்கும் சூடு போகிறது. ஹெட்டில் உள்ள மடிப்புத் தகடுகளில் காற்றுப் பட்டு ஆறுகிறது.

வால்வு ஒரு மயிரிழை மூடாமல் நின்றால் இரண்டு கேடு. காற்று கசிவது ஒன்று. சூடு இறங்க வழி இல்லாமல் விளிம்பு கருகுவது மற்றொன்று. பிறகு விளிம்பில் எலி கடித்தது போல ஒரு பள்ளம் விழும். அப்புறம் அந்த வால்வு உதவாது.

ஆகவே டேப்பெட் கொஞ்சம் தளர்ந்திருந்து "டக் டக்" என்று சத்தம் போட்டால் பெரிய மோசம் இல்லை. சத்தமே இல்லாமல் இறுகியிருந்தால்தான் ஆபத்து. பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். சத்தம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். "சத்தம் வராதபடி இறுக்கு" என்று மெக்கானிக்கை நெருக்குகிறார்கள். அவரும் இறுக்கிக் கொடுக்கிறார். வால்வு கருகுகிறது.

அரைக்க அரைக்க இறுகும்

பிரித்துப் பூட்டிய என்ஜினில் வரும் கோளாறுக்குத் தனிக் குணம் உண்டு. பூட்டுவதற்கு முன் இல்லாத கோளாறு பூட்டிய பின் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பூட்டிய வேலையைத்தான். சாமானைக் குறை சொல்வது பிறகு.

வால்வு அரைப்பதையே எடுத்துக்கொள்ளலாம். விளிம்பில் பேஸ்ட் தடவி, சீட்டில் வைத்து உருட்டி உருட்டி அரைப்பார்கள். வால்வும் தேயும். சீட்டும் தேயும். அதனால் வால்வு முன்னைவிட உள்ளே தள்ளி அமரும். உள்ளே தள்ளினால் தண்டின் மறுமுனை மேலே உயரும். மேலே ராக்கர் காத்திருக்கிறது. இடைவெளி குறைந்துவிடும். பழைய டேப்பெட் அளவை அப்படியே விட்டுவிட்டு ஹெட்டைப் பூட்டினால், ராக்கர் வால்வை அழுத்திக்கொண்டே நிற்கும். வால்வு மூடவே மூடாது.

கிக்கர் சப்பென்று போகிறது. "வால்வு சரியாக அரைபடவில்லை" என்று மறுபடியும் கழற்றுகிறார்கள். மறுபடியும் அரைக்கிறார்கள். தண்டு இன்னும் உயர்கிறது. கோளாறு கூடுகிறது. மூன்றாம் முறை புது ஹெட்டுக்கு ஆர்டர்!

டேப்பெட்டைத் திருப்பிச் சரிசெய்திருந்தால் அரை மணி நேர வேலை. செலவு ஒன்றுமில்லை.

இன்னொரு சங்கதி. பழைய நாளில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது சீட்டுக்கு ஒரு மெத்தை போல உதவியது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல்தான். மக்களின் மூச்சுக்கு அது நல்லது. ஆனால் மிகப் பழைய என்ஜின்களின் மெதுவான சீட், அடிபட்டு உள்ளே இறங்கக்கூடும். அங்கும் டேப்பெட் தானாக இறுகும். பழைய வண்டியின் டேப்பெட்டை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதை முதலில் பார்ப்பது?

முதலில் கைப்பிடியில் உள்ள டீகம்ப்ரசர் நெம்புகோல். கிக்கரை எளிதாக மிதிக்கவும் என்ஜினை நிறுத்தவும் வைத்த சின்ன வால்வு அது. அதன் கேபிள் இறுகியிருந்தாலும், உள்ளே கரி அடைத்திருந்தாலும் அது மூடாது. அதில் கசியும் காற்று புகைப் பாதைக்குத்தான் போகும். எனவே எக்ஸாஸ்ட் வால்வு கருகியது போலவே தோன்றும். கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு முறை மிதித்துப் பார்க்க வேண்டும். காலை எதிர்த்துத் தள்ளினால் வேலை முடிந்தது. குற்றமில்லாத வால்வுக்குத் தண்டனை தப்பியது.

அடுத்தது டேப்பெட். சிலிண்டரின் அடியில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் இரண்டு புஷ் ராடுகள் தெரியும். பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்புறமாக மெல்ல உருட்ட வேண்டும். இன்லெட் ராடு மேலே போய்க் கீழே இறங்கும். அதன் பிறகு பிஸ்டன் மேலே வருமே, அந்த உச்சியில் நிறுத்த வேண்டும். அப்போதுதான் இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வருகிறது. புகையைத் தள்ளிவிட்டு உச்சிக்கு வரும் நேரத்தில் ஒரு கதவு மூடி முடியவில்லை. மற்றொரு கதவு திறக்கத் தொடங்கிவிட்டது. அந்த உச்சியில் வைத்துப் பார்த்தால் இரண்டு வால்வுமே கசியும். "இரண்டும் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

சரியான உச்சியில் புஷ் ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுற்ற வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். ராடு தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. பழைய புல்லட்டுக்கு இதுதான் அளவு. வேறு வண்டிகளுக்குத் தகடு வைத்து அளக்கும் இடைவெளி உண்டு. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது.

ராடு சுற்றவில்லை என்றால் வால்வு மூடவில்லை. கீழே உள்ள பூட்டு நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும். நட்டை மறுபடி இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும். இறுக்கிய பிறகு இன்னொரு முறை சுற்றிப் பார்க்காதவர் வேலையைப் பாதியில் விட்டவர்.

காது சொல்லும்

டேப்பெட்டும் சரி, டீகம்ப்ரசரும் சரி, இன்னும் கிக்கர் சப்பென்று போகிறது என்றால் காற்றடித்துப் பார்க்க வேண்டும். ஒரு பழைய பிளக்கின் உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டு, அதில் டயர் வால்வு ஒன்றைப் பற்றவைத்தால் போதும். பிளக் இடத்தில் அதை மாட்டி, வண்டியைக் கியரில் நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் பம்பால் அடிக்க வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரசரின் முழு வேகம் வேண்டாம். என்ஜின் திடீரென்று சுழன்று கையை அடிக்கும்.

இனிக் காதைக் கொடுக்க வேண்டும்.

கார்புரேட்டர் வாயில் "உஸ்" என்றால் இன்லெட் வால்வு. சைலன்சர் வாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தில் சோப்பு நுரை வைத்துக் குமிழி வந்தால் கேஸ்கெட்.

பம்ப் இல்லாத ஊரில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் போதும். பிளக் ஓட்டை வழியாக ஊற்றிவிட்டு, பிளக்கை மாட்டி மிதிக்க வேண்டும். கிக்கர் இறுகினால் குற்றம் ரிங்கில். முன்போலவே போனால் குற்றம் வால்வில்.

சூட்டில் மட்டும் வரும் கோளாறும் உண்டு. காலையில் ஒரே மிதியில் கிளம்பும். பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும். ஆறியதும் மறுபடி ஓடும். "காயில் போய்விட்டது" என்று காயிலை மாற்றுவார்கள். அப்போதும் அதே கதைதான். கைடு துளை இறுக்கமாக இருந்தால், சூட்டில் வால்வு தண்டு பருத்து அதில் மாட்டிக்கொள்ளும். நின்ற உடனே, சூடு ஆறுவதற்குள், அதே உச்சிக்கு உருட்டி டேப்பெட் மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். மாட்டிக்கொண்ட வால்வின் புஷ் ராடு லொடலொடவென்று ஆடும். கூடவே ராக்கருக்கு ஆயில் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிரித்துப் பூட்டும்போது ஆயில் குழாயில் துணி நூலோ பசையோ அடைத்துக்கொள்வது உண்டு.

ஹெட் கழற்றத்தான் வேண்டும் என்றால்

இத்தனையும் பார்த்த பிறகு ஹெட்டைக் கழற்றலாம். அப்போது கழற்றுகிறவருக்கு எதைத் தேடுகிறோம் என்பது தெரியும்.

கைடு தேய்ந்திருந்தால் முதலில் கைடு. அப்புறம்தான் சீட். புதுக் கைடு போட்டால் வால்வின் நடுப்புள்ளி மாறும். பழைய சீட் அதற்கு ஒத்துவராது. லேத் பட்டறையில் சீட்டைப் புதுக் கைடுக்கு ஏற்ப வெட்டி வாங்க வேண்டும். சீட்டை வெட்டிவிட்டு அப்புறம் கைடு மாற்றுகிறவர்கள் இரண்டு முறை கூலி கொடுக்கிறார்கள்.

பேஸ்ட் போட்டு அரைப்பது கொஞ்சமாக இருக்கட்டும். விளிம்பைச் சுற்றி உடையாத சாம்பல் நிற வளையம் வந்தால் நிறுத்த வேண்டும். பிறகு பேஸ்டைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். அது மணல். உள்ளே தங்கினால் சிலிண்டரைத் தின்னும்.

பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை. ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, குழியில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிவைக்க வேண்டும். சிறிது நேரம் கழித்துப் பாதைகளில் விரல் விட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கக் கூடாது. பெட்ரோல் வேண்டாம். பீடிக் கங்கு ஒன்று போதும், பட்டறை போய்விடும்.

பார்த்ததற்குக் கூலி

இவ்வளவும் மெக்கானிக்குகளுக்குத் தெரியாதா? பலருக்கு நன்றாகத் தெரியும். பிறகு ஏன் நேராக ஹெட்டில் கை வைக்கிறார்கள்?

குற்றம் வண்டிக்காரரிடமும் இருக்கிறது.

ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரம் குனிந்து நின்று, காது வைத்துக் கேட்டு, கேபிளை இரண்டு சுற்றுத் தளர்த்தி வண்டியைக் கிளப்புகிறார். கூலி கேட்டால், "என்னப்பா செய்தாய்? ஒரு சாமானும் மாற்றவில்லையே!" என்று கேட்கிறார்கள். அதே மெக்கானிக் புது ஹெட், புது வால்வு, புது ஸ்பிரிங் என்று நீளமாகப் பில் போட்டால் வாய் பேசாமல் எண்ணி வைக்கிறார்கள்.

மாற்றியதற்குக் காசு, கண்டுபிடித்ததற்குக் காசு இல்லை. இந்த வழக்கம் இருக்கும்வரை எந்த மெக்கானிக்கும் கண்டுபிடிக்க மாட்டார். மாற்றத்தான் செய்வார். அவருக்கும் வீடு இருக்கிறது. அடுப்பு எரிய வேண்டும்.

கோளாறு பார்ப்பதற்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதுதான் முறை. டாக்டரிடம் போனால் மருந்து எழுதாவிட்டாலும் பீஸ் கொடுக்கிறார்கள் அல்லவா? பளபளக்கும் சைலன்சருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் இதற்குக் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை. மெக்கானிக்கும் தன் பங்கைச் செய்ய வேண்டும். "இதோ, இங்கே காது வையுங்கள் சார், கேட்கிறதா?" என்று காட்டிவிட்டுக் கழற்ற வேண்டும். பட்டறையில் வேலை பழகும் பையனையும் கூப்பிட்டுக் கேட்க வைக்க வேண்டும். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதோடு அவன் படிப்பு நின்றுவிடக் கூடாது. இரும்பு சிலிண்டர் புல்லட்டைக் காதால் அறிந்த பழைய கைகள் குறைந்துவருகின்றன.

வீட்டில் செலவுக் கணக்கு கேட்பார்கள். "இந்தப் பழைய இரும்புக்கு இன்னும் எவ்வளவு?" என்று கேட்பதில் தவறில்லை. "எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும்" என்று பதில் சொல்ல முடிந்தால், வண்டியும் வீட்டில் தங்கும், அமைதியும் தங்கும்.

என்ஜினையே மாற்றிவிடலாம் என்று சொல்பவர்கள் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். என்ஜின் நம்பர் அடிப்பாகத்தில் வெட்டியிருக்கிறது. ஆர்.சி.யிலும் அதே நம்பர்தான். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதற்கு மேல் 5 ஆண்டுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நம்பர் ஒத்துப்போகாத வண்டி அங்கே மாட்டிக்கொள்ளும். வால்வு இருப்பது ஹெட்டில். ஹெட்டின் குற்றத்துக்காக அடிப்பாகத்தைத் தூக்கிப் போடத் தேவையே இல்லை.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி. சில நாள் ஓடியதும் ஹெட் நட்டுகள் சற்றுத் தளரும். அவற்றை மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கினால் ஹெட் கீழே இறங்கும். டேப்பெட் இடைவெளி குறையும். ஆகவே நட்டை இறுக்கிய கையோடு புஷ் ராடையும் சுற்றிப் பார்க்க வேண்டும். அதை விடியற்காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஓடி வந்த சூட்டில் இடைவெளி கூடியிருக்கும். அப்போது இறுக்கினால், மறுநாள் காலை கிக்கர் பழையபடி சப்பென்று கீழே போகும்.